பெசன்ட் நகரா, வியாசர்பாடியா: குடும்பத்தோடு குடியிருக்க எது பாதுகாப்பு?

எல்லியட்ஸ்வாசி:
சென்னைக்குப் புதிதாக வரும் தம்பதிக்கு எந்த ஏரியா நல்லது என்று ஒருவர் கேட்டிருந்தார். வாடகை கூடினாலும் தென்சென்னையில் பெசன்ட் நகர், அடையாறு, திருவான்மியூர் பக்கம் பாருங்கள், வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் பெண்களை வைத்துக்கொண்டு குடியிருக்க முடியாது என்று சொன்னேன். அதற்கு நேற்றிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். இதில் என்ன தப்பு?

வியாசைக்காரன்:
என் அம்மா, அக்கா, மனைவி மூன்று பேரும் அங்கேதான் இருக்கிறார்கள் சார். அக்கா வேலை முடிந்து ராத்திரி பத்தரைக்கு வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கித் தனியாக நடந்துதான் வருகிறாள். தெருமுனையில் இட்லி விற்கும் ஆயா கடையை எடுத்து வைத்திருக்காது. "இன்னா இன்னிக்கு லேட்டு" என்று ஒரு குரல் கொடுக்கும். உங்கள் தெருவில் பத்தரைக்கு வாட்ச்மேனைத் தவிர யார் முழித்திருக்கிறார்?

2025 மார்ச் 25 மறந்துவிட்டதா? காலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் சைதாப்பேட்டை, கிண்டி, பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று ஆறு செயின் பறிப்பு. அதில் வியாசர்பாடி எங்கே இருக்கிறது?

எல்லியட்ஸ்வாசி:
அது வெளிமாநிலக் கும்பல். அன்றைக்கே இரண்டு பேரை விமான நிலையத்தில் வைத்துப் பிடித்தார்கள், இன்னொருவனை ஓங்கோலில் ரயிலில் வைத்துப் பிடித்தார்கள். எவனோ எங்கிருந்தோ வந்து அறுத்ததை எங்கள் ஏரியா கணக்கில் எழுதுவீர்களா? உங்கள் பக்கம் 2024 ஜூலையில் பெரம்பூரில் ஒரு கட்சியின் மாநிலத் தலைவரையே வீட்டருகே வெட்டிக் கொன்றார்கள். அதை விட்டுவிட்டு செயினைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

வியாசைக்காரன்:
வெளியூர்க்காரன் அறுத்தால் கழுத்து வலிக்காதா? அவன் ஏன் உங்கள் ஏரியாவைத் தேடி வந்தான்? தங்கம் அங்கே இருக்கிறது, தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது, பைக்கைத் திருப்ப அகலமான ரோடு இருக்கிறது. திருடனுக்கு இவ்வளவு வசதியான இடத்தைத்தான் நீங்கள் பாதுகாப்பு என்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். எந்தக் குற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம்? முன்விரோதக் கொலை வேறு, வழிப்பறி வேறு, பூட்டிய வீட்டில் திருட்டு வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மாநகரம் வாரியாகத்தான் எண்ணிக்கை தருகிறது, தெரு வாரியாகத் தருவதில்லை. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் பெரியதை மட்டுமே எண்ணுகிறார்கள். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுப்பதும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான். 2022 தொடக்கத்தில் தாம்பரம், ஆவடி தனித்தனி ஆணையரகங்களாகப் பிரிந்ததால் பழைய எண்ணோடு புதியதை ஒப்பிடவும் முடியாது. முதலில் "பாதுகாப்பு" என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள்.

வியாசைக்காரன்:
கணக்கு இருக்கட்டும் சார். அந்த ஆறு பறிப்பில் எங்கள் ஏரியா எத்தனை? அதைச் சொல்லுங்கள்.

எல்லியட்ஸ்வாசி:
திரும்பத் திரும்ப அதே ஆறு. ஒரு நாள் நடந்ததை வைத்து ஆயுசுக்கும் பேசுவார்.

சாஸ்திரிநகர் கலா:
எல்லியட்ஸ்வாசி சார், நானும் உங்கள் பக்கம்தான். அந்த மார்ச்சுக்குப் பிறகு வாக்கிங் போகும்போது தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடு போகிறேன். கழுத்தைச் சுற்றி துப்பட்டா, அதற்கு மேல் ஊக்கு. பைக் சத்தம் கேட்டாலே கை கழுத்துக்குப் போகிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கு திருடு போனது. காவல் நிலையத்தில் "பில் இருக்கா?" என்று கேட்டு புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள், வழக்குப் பதியவில்லை. போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய இப்படிப்பட்ட குற்றம் பற்றிப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. ஆனால் என் விளக்கு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நம் ஏரியா சுத்தம் என்று நீங்கள் காட்டும் எண்ணில் என்னைப் போல எத்தனை பேர் விட்டுப்போயிருக்கிறார்களோ.

எல்லியட்ஸ்வாசி:
மேடம், பில் இல்லாமல் போனது உங்கள் தவறு. அதற்காக சொந்த ஏரியாவையே விட்டுக்கொடுத்துப் பேசாதீர்கள்.

சாஸ்திரிநகர் கலா:
என் மாமியார் அவர் கல்யாணத்துக்கு வாங்கிய விளக்குக்கு நான் எங்கே போய் பில் வாங்குவேன்? திருட்டுக் கொடுத்தவளையே குற்றம் சொல்கிறீர்கள்.

வியாசைக்காரன்:
அக்கா சரியாகச் சொன்னார். எங்கள் பக்கம் பையன்கள் டீக்கடை வாசலில் கூடி நின்றாலே பெயர், அப்பா பெயர், செல் நம்பர் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போகிறது. எங்களுக்கு வழக்கு, உங்களுக்கு ரசீது. அப்புறம் எந்த ஏரியா மோசமாகத் தெரியும்?

2024 ஜூனில் உங்கள் பெசன்ட் நகரில்தான் நடைபாதையில் படுத்திருந்த இளைஞர் மேல் கார் ஏறிச் செத்தார். ஓட்டியவருக்கு உடனே ஜாமீன். அது பாதுகாப்பான ஏரியாவில் நடந்ததால் கணக்கில் வராதோ?

எல்லியட்ஸ்வாசி:
விபத்தையும் வெட்டுக்குத்தையும் ஒன்றாக்குகிறீர்கள். ராத்திரி பதினொன்றுக்கு வியாசர்பாடி என்று சொல்லி ஆட்டோ கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று.

வியாசைக்காரன்:
வராததற்குக் காரணம் உங்களைப் போல எழுதுகிறவர்கள்தான். இங்கே பிறந்த பையன் வேலைக்குப் போனால் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறுகிறது. தென்சென்னையில் வீடு கேட்டால் புரோக்கர் "சொந்த இடம் எது தம்பி" என்கிறார், சொன்னதும் வீடு முடிந்துவிட்டது என்கிறார். இந்த வடசென்னையிலிருந்து ஆட்டோ டிரைவர் மகள் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 2024இல் மூன்று தங்கம் அடித்தார். அவரும் "பெண்களை வைத்துக்கொண்டு குடியிருக்க முடியாத" பக்கத்தில் வளர்ந்தவர்தான்.

பழைய வண்ணை:
காசிமா செரியன் நகர் பிள்ளை ப்ரோ, எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கம். வியாசர்பாடிக்காரர்கள் எல்லாவற்றையும் தங்கள் பெயரில் எழுதிக்கொள்வது இது முதல் தடவை இல்லை.

வியாசைக்காரன்:
வடசென்னை என்றுதான் எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு வா. போன வருடம் கால்பந்து விவாதத்திலும் நீ இப்படித்தான் குறுக்கே வந்தாய்.

பழைய வண்ணை:
அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
செயின் பறிப்புக்கு 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 304 என்று தனிப் பிரிவே வந்துவிட்டது. அதற்கு முன் சில இடங்களில் திருட்டு, சில இடங்களில் கொள்ளை என்று பதிவானது. அதனால்...

எல்லியட்ஸ்வாசி:
பிரிவு எதுவானாலும் பறித்தவன் வெளியூர்க்காரன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை மாற்றமில்லை. என் பெண்ணுக்கு வீடு பார்த்தால் அடையாறு ஆற்றுக்குத் தெற்கேதான் பார்ப்பேன்.

வியாசைக்காரன்:
தாராளமாகப் பாருங்கள். ஆனால் "குடியிருக்க முடியாது" என்ற வரியை எடுங்கள். எடுக்கும் வரை கேட்பேன்: அந்த ஆறில் வியாசர்பாடி எங்கே?

சாஸ்திரிநகர் கலா:
யாராவது என் விளக்குக்கு பதில் சொல்வீர்களா?

எல்லியட்ஸ்வாசி:
வரியை எடுக்க மாட்டேன்.