ஜாஸ் முதலில் காதில் விழுந்தது எப்போது? மலைவாசிகள் சொல்லுங்கள்

குன்னூர்க்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். நான் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவன். அங்கே பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் கிடந்தன. "வேணும்னா எடுத்துக்கோ, இல்லேன்னா குப்பைதான்" என்றார்கள். பாதிக்கு மேல் பூஞ்சை. தேறியவற்றில் ஒன்று ஜாஸ் ட்ரம்பெட் வாசிப்பவரான மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'.

தட்டு ஓட்டும் மெஷின் வண்டிச்சோலையில் இருக்கும் சித்தப்பா வீட்டில்தான் உண்டு. போட்டோம். பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) ஏதோ முணுமுணுத்தது, பியானோ பதில் சொன்னது, ட்ரம்பெட் வந்தது, சாக்ஸபோன் வந்தது. பாடகர் எப்போது வருவார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது நிமிடத்தில் அது முடிந்தே போனது. யாரும் பாடவில்லை. சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் ஒரு முதல் நாள் உண்டு.

எனக்கு அத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. சித்தப்பா விடவில்லை. அவர் கஞ்சிரா என்ற சிறிய தோல் வாத்தியம் வாசிப்பவர், பஜனை மடம், கோவில் கச்சேரி என்று போய் வருவார். "கரகரப்பிரியா ராகத்தோட சாயல் அடிக்குதுடா, திருப்பிப் போடு" என்றார். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை எடுத்து வந்து 2 கட்டையில் வைத்தார் (கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நம் கச்சேரிக்காரர்கள் சொல்லும் அளவு). ஒட்டவில்லை. பாட்டு 2 கட்டைக்குக் கொஞ்சம் மேலே நின்றது, 2½ என்றும் சொல்ல முடியாது. "உன் தட்டு வேகமா சுத்துது" என்றார். மெஷின் அவருடையது, ஆனாலும் தப்பு என் தட்டின் மேல். குன்னூர் கரண்ட்டையும் கொஞ்சம் திட்டினார். பிறகு தட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கத்து முதல் உருப்படி 5 கட்டையில் பசை போட்டதுபோல் ஒட்டியது. அப்படியானால் மெஷின் மேல் தப்பில்லை. ஒரு பக்கம் மட்டும் எப்படித் தூக்கலாக இருக்கும்? அன்று இரவு சாப்பாடு வரை இதே பேச்சு.

இரண்டு வாரம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவானவை. அன்று ஒரு டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறித்தானே கேட்கும்? மறுபக்கம் ஏப்ரல் 22 அன்று பதிவானது, அதில் இந்தக் கோளாறு இல்லை. திருத்திய பதிப்பு வந்தது 1992-இல். எங்களிடம் இருந்த தட்டு அதற்கு முந்தையது. இதைச் சொன்னதும் சித்தப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து மைல்ஸ் டேவிஸ் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி.

எனக்கு வழி திறந்ததும் அவரால்தான். முதல் உருப்படியின் பெயர் 'ஸோ வாட்'. "நாலு நாலா எண்ணிக்கிட்டே வா" என்று கஞ்சிராவைத் தட்டினார். நாலு எண்ணினால் ஒரு பார். 2 கட்டையில் 16 பார். அப்புறம் அதே ஸ்வரங்கள் அப்படியே 2½ கட்டைக்கு ஏறி 8 பார். மறுபடி இறங்கி 8 பார். மொத்தம் 32. இந்தச் சுற்று கடைசி வரை மாறுவதே இல்லை. அதன் மேல்தான் டேவிஸ், கோல்ட்ரேன், ஆடர்லி, பில் எவன்ஸ் என்று தட்டில் வாசித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கற்பனை ஸ்வரம் போடுகிறார்கள், அதாவது அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிறார்கள். அந்த 2½-க்கு ஏறும் இடம் எனக்குத் தானாகப் பிடிபட ஐந்தாறு நாள் ஆனது. அதற்குப் பிறகு பாடகரை நான் தேடவில்லை.

வரலாறு முழுவதும் படித்துவிட்டுத்தான் ஜாஸ் கேட்க வேண்டும் என்பவர்களை நம்பாதீர்கள். ஒரே உருப்படியை ஒரு வாரம் கேளுங்கள், போதும்.

கோத்தகிரி டிரைவர்:

அண்ணே, கட்டை கிட்டை எல்லாம் எனக்குத் தெரியாது. சபா வாசலில் வண்டி நிறுத்தியிருக்கிறேன், உள்ளே போனதில்லை. சாக்ஸபோன் என்றால் எனக்கு ஊர்த் திருவிழாவும், 1994-இல் வந்த 'டூயட்' படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்ததும்தான்.

மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு சவாரி அம்மா தன் போனை வண்டியில் இணைத்து 'டேக் ஃபைவ்' என்ற ஜாஸ் உருப்படியைப் போட்டார். ஸ்டியரிங்கில் தாளம் தட்டுவது என் பழக்கம். நாலு தட்டினால் விரல் வழுக்குகிறது. மறுபடி பிடித்தால் மறுபடி வழுக்குகிறது. கண்ணாடியில் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "அஞ்சா எண்ணுங்க தம்பி. ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு." குஞ்சப்பனை செக்போஸ்ட் வருவதற்குள் பிடித்துவிட்டேன். கொண்டை ஊசி வளைவு இருக்கும் ரோட்டில் இதைச் செய்யலாமா என்று கேட்காதீர்கள்.

நடுவில் டிரம்ஸ் மட்டும் தனியாக நீளமாகப் போகும். ஜோ மொரெல்லோ என்பவர் வாசித்தது. அவர் எங்கே போனாலும் பின்னால் பியானோ அதே அஞ்சைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் நாம் தொலைந்து போக மாட்டோம். என் மனைவி, "வைப்பர் போட்ட மாதிரி என்னங்க இது?" என்கிறாள். அதுவும் சரிதான்.

பெருமாள்மலைப் பெரியவர்:

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். டிரைவர் தம்பி சொன்ன மொரெல்லோ நம் பக்கம் வந்தவர். 1958-இல் அமெரிக்க அரசு மொரெல்லோ இருந்த டேவ் ப்ரூபெக் குழுவை ஒரு சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது. அதில் சென்னைக்கு வந்தபோது பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு உட்கார்ந்தவர் அவர். என் வீட்டுக்குக் கீழே இருக்கும் ஊரின் பெயரைத் தாங்கிய வித்வான் என்பதால் எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை. அடுத்த வருடமே 'டேக் ஃபைவ்' வந்தது. உடனே 'நம்மிடமிருந்துதான் எடுத்தார்கள்' என்று கிளம்பிவிடாதீர்கள். அதை எழுதியவர் குழுவின் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட். 'டேக் ஃபைவ்' உள்ள தட்டிலேயே ஒன்பது எண்ணிக்கையில் ஒரு உருப்படி உண்டு. அது அதே பயணத்தில் துருக்கித் தெருவில் ப்ரூபெக் கேட்ட தாளத்திலிருந்து வந்தது.

என் கதை ரேடியோவில் ஆரம்பித்தது. எழுபதுகளில் கொடைக்கானலில் ஒரு கடையில் வேலை. ராத்திரி அறைக்கு வந்தால் குளிரும் சிற்றலையும்தான் துணை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்பவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்துவார். 1955-இலிருந்து நடத்தியவர். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த எனக்கே புரியும்படி நிறுத்தி நிதானமாகப் பேசுவார். தொடக்க இசை 'டேக் தி ஏ ட்ரெயின்'. ஏரியல் கம்பியை வெளியே இருந்த தைல மரத்தில் கட்டியிருந்தேன். காற்றடித்தால் பாட்டு போய்விடும், மரம் நின்றால் திரும்பி வரும். நடுவில் விட்டுப்போனது என்னவாக இருக்கும் என்று நானே நிரப்பிக்கொள்வேன்.

குன்னூர்த் தம்பியோடு ஒரு விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. கரகரப்பிரியா என்று சொன்ன உடனே நம் மனம் கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை, தேட ஆரம்பிக்கும். அங்கே அது கிடையாது. 'ஸோ வாட்'டில் ஸ்வரங்கள் நீண்ட நேரம் ஒரே இடத்தில் நிற்பதால்தான் உங்கள் சித்தப்பாவின் ஒப்பீடு செல்லுபடியாகிறது. பெரும்பாலான ஜாஸ் உருப்படிகளில் அடியில் இருக்கும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) ஒவ்வொரு பாருக்கும் நகரும். நமக்கு ஆதார ஷட்ஜம், அதாவது எல்லாவற்றுக்கும் அடிப்படையான 'ஸ', அசையக் கூடாது, அவர்களுக்கு அது அசைந்துகொண்டே இருப்பதில்தான் சுவை. ராகம் தேடினால் அங்கே மூச்சு முட்டும்.

நான் செய்தது இது. 1956-இல் வந்த எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய தட்டு ஒன்று உண்டு. பாட்டு வேண்டும் என்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். அதன்பின் கேனன்பால் ஆடர்லியின் 1958-ஆம் வருடத் தட்டில் உள்ள 'ஆட்டம் லீவ்ஸ்'. (தமிழில் எழுதினால் இலையுதிர் காலம் ஆட்டமாகிவிடுகிறது, என்ன செய்ய.) முதலில் மெட்டு மட்டும் மனப்பாடம் ஆகும் வரை கேளுங்கள். பிறகு அவர்கள் மெட்டை விட்டுவிட்டு எங்கேயோ போகும்போது நீங்கள் மட்டும் அந்த மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே இருங்கள். அவர்கள் கண்டபடி அலையவில்லை, உங்கள் முனகலுக்கு மேலேதான் நடக்கிறார்கள் என்று தெரியும். எனக்கு அது தெரிந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

லவ்டேல்:

என் முதல் அனுபவம் தலைவலி. ஆப்பில் 'ஜாஸ்' என்று தேடினேன், ஏதோ ஒன்று வந்தது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் சண்டை போடுவது போல இருந்தது. இரவு டியூட்டி முடித்து வந்த நர்ஸுக்கு அது தேவையா?

பிறகுதான் புரிந்தது, பாதிக் குற்றம் என் போன் ஸ்பீக்கருடையது. அதில் பேஸ் கேட்கவே கேட்காது. ஜாஸில் பேஸ் இல்லாமல் கேட்பது தம்புரா இல்லாத கச்சேரி மாதிரி, மற்றவர்கள் எதன் மேல் நிற்கிறார்கள் என்றே தெரியாது. இயர்போன் போட்டுக் கேளுங்கள்.

என்னைப் பிடித்து வைத்தது ஆலிஸ் கோல்ட்ரேன். ஜான் கோல்ட்ரேனின் மனைவி, ஹார்ப் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிப்பார். 1971-இல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அந்தச் சச்சிதானந்தர் யார் என்று தேடினால், கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர்! மலையிலிருந்து இறங்கினால் எட்டும் தூரம். ஆலிஸ் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டு அந்தத் தட்டுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார். அதில் தம்புராவும் உண்டு. பேஸ் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்க, ஹார்ப் மேலே மழை மாதிரி கொட்டும். பெரியவர் ஐயா சொன்ன அசையும் ஷட்ஜம், தட்டின் பெயரையே கொண்ட பாட்டில் கிடையாது. அதனால்தான் எனக்கு எளிதாக இருந்ததோ என்னவோ.

ஒரு நாள் விடிகாலையில் கேட்டுக்கொண்டிருந்தபோது, 'இந்த இடத்தில் ஃப்ளூட் வராதே' என்று இயர்போனைக் கழற்றினேன். வெளியே ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி. யாரோ பையன் ராகம் தெரியாமல் விசிலடித்துப் பார்ப்பது போலவே இருக்கும். அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிட்டு அதைத்தான் கேட்டேன்.

குன்னூர்க்காரன்:

பெரியவர் ஐயா சொன்னதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். கமகம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஷட்ஜம் நகரும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார், 'ஆட்டம் லீவ்ஸ்' கேட்ட பிறகுதான் பேசுவாராம். டிரைவர் தம்பியின் அஞ்சு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "தகிட தக, அவ்வளவுதானே? நம்ம கண்ட சாபு தாளம் தக தகிட, இது அதைத் திருப்பிப் போட்டது" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சிராவோடு வருகிறார். ஒரு வாரமாக விடாத மழை, தோல் நமத்துப்போய் சத்தம் பொதபொதவென்று இருக்கிறதாம். அடுப்பில் கரி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.