கூட்டுருவமா, தொகையுருவா?

கும்பகோணம், கணித ஆசிரியை:
வணக்கம். ஏழாம் வகுப்புப் பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. செவ்வகத்தின் தலையில் அரைவட்டம் ஒட்டியதுபோல வரும் வடிவங்களுக்குப் பொதுப்பெயராக 'கூட்டுருவம்' என்று போட்டிருந்தேன். மாதிரித்தாளில் 10க்கு 8 செவ்வகம், மூலையில் 4க்கு 3 வெட்டியெடுத்தது. ஒரு மாணவி அதன் பரப்பளவை 80 + 12 = 92 என்று எழுதிவிட்டாள். "கூட்டுன்னுதானே டீச்சர் போட்டிருக்கு" என்றாள். தப்பு அவள்மேல் இல்லை. வேறு சொல் தாருங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, கூட்டுக் குடும்பத்தில் யாரும் கூட்டல் போடுவதில்லை. ஆனாலும் 'தொகையுரு' என்பதே பொருந்தும். 'இரவுபகல்' உம்மைத்தொகை; 'உம்' மறைந்து நிற்கிறது. இங்கே இரண்டு உருவங்களும் ஒட்டிய இடத்துக் கோடு மறைந்து நிற்கிறது. அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பதுதானே கணக்கே! பரப்பளவுக்கும் 'குழி' என்ற நல்ல சொல் இருந்தது. வட்டத்தரையை, அதாவது சுற்றளவில் பாதியை, விட்டத்தரையால், அதாவது விட்டத்தில் பாதியால், பெருக்கினால் வட்டத்தின் குழி. நில அளவையிலும் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது அந்நியமா?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, மறைந்த கோடு அருமை. ஆனால் தொகை என்றதும் கூட்டுத்தொகைதான் நினைவுக்கு வரும், அதே குழப்பம். குழி என்றால் பள்ளம். கலப்புப் பின்னம் படித்தவர்களுக்குக் 'கலப்புருவம்' புரியாதா?

யாழ்ப்பாணம், கணித ஆசிரியர்:
மோரில் கலந்த நீரைப் பிரிக்கேலாது. இந்த உருவத்தைப் பிரிக்க வேணும். 4, 6 போலச் சிறிய எண்களின் பெருக்கலாகப் பிரியும் எண், உங்கட பகு எண், எங்களுக்குச் சேர்த்தி எண். ஒன்றையே நீங்கள் பிரிவால் பார்க்கிறீர்கள், நாங்கள் சேர்க்கையால். அப்படியென்றால் 'பகுவுரு' என்று வைத்தால் என்ன?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
சதுரத்தையும் இரண்டு முக்கோணமாகப் பகுக்கலாமே. அதுவும் பகுவுருவா?

கும்பகோணம், கணித ஆசிரியை:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். பெரும்பாலோர் தனிமடலில் 'கூட்டுருவம்' இருக்கட்டும் என்கிறார்கள், அப்படியே விடுகிறேன். ஆனால் மறையும் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டு, இரண்டு வழியையும் காட்டிவிடுகிறேன்: 10 × 5 செவ்வகமும் 6 × 3 செவ்வகமும் சேர்த்தால் 50 + 18 = 68, வெட்டியதைக் கழித்தால் 80 − 12 = 68. அந்த மாணவிக்கு முதலில் காட்டப் போகிறேன். ஐயாவுக்கு நன்றி.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சரி அம்மா, அச்சு நிற்க வேண்டாம். ஆனால் வெட்டியெடுத்த உருவத்தைக் 'கூட்டு' என்பதை நான் ஒப்பவில்லை. அடுத்த பதிப்புக்குத் 'தொகையுரு'வைக் குறித்து வையுங்கள். குழி பற்றித் தனியே எழுதுகிறேன்.