பதினோராவது இலக்கம்: கல்லூரிக் கணக்கில் உங்களுக்கு எந்தப் படி தவறியது?

காவிரிக்கரை:

பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் சிவப்பு மைப் பேனாவைக் கண்டால் வயிறு ஒரு சுற்று சுற்றுகிறது.

பிளஸ் டூ தமிழ் வழி, கணக்கில் 200க்கு 194. அந்தத் தைரியத்தில் 2009இல் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். ஊர்ப்பக்கத்து அரசு உதவி பெறும் கல்லூரி, பெயர் வேண்டாம். இரண்டாம் ஆண்டு மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) வகுப்புத் தேர்வில் முதல் கேள்வி: "√2 ஒரு விகிதமுறா எண் என நிறுவுக." எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காண்பதில் பள்ளியிலேயே நான்தான் கெட்டி. இரண்டிரண்டு பூஜ்யமாக இறக்கி, பக்கம் முழுக்க வகுத்து, 1.4142135623 வரைக்கும் வந்துவிட்டேன். கீழே இப்படி எழுதினேன்: "முடியவும் இல்லை, சுழலவும் இல்லை. எனவே விகிதமுறா எண்." இரட்டை அடிக்கோடு வேறு.

தாள் திரும்பி வந்தது. அடிக்கோட்டுக்குக் கீழே சிவப்பில் ஒரே வரி: "பதினோராவது இலக்கத்தை யார் பார்த்தது?" மதிப்பெண் பூஜ்யம்.

தசமத்தில் ஓர் இலக்கம்கூடத் தப்பில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. பள்ளியில் "நிறுவுக" என்றால் இடப்பக்கத்தை உருட்டிப் புரட்டி வலப்பக்கமாக்குவது. அதே சொல் கல்லூரியில் வேறு வேலையைக் குறிக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாடத்திட்டப் புத்தகத்திலும் "இந்தத் தாளுக்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி கிடையாது. உங்களுக்கு எங்கே தவறியது? சொல்லுங்கள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இயற்பியல்காரன்:

எனக்குப் படி தவறவில்லை, தாமதமாக வந்தது. எங்கள் கல்லூரியில் இயற்பியல் மாணவர்களுக்கு முதலாண்டு அலைடு வேதியியல், இரண்டாம் ஆண்டுதான் அலைடு கணிதம். ஆனால் முதல் செமஸ்டரிலேயே சீரிசை இயக்கம், ஊசல்போல் முன்னும் பின்னும் ஆடுவது. கரும்பலகையில் d²x/dt² + ω²x = 0 என்று எழுதிவிட்டு, "இதன் தீர்வு x = A sin(ωt + φ) என்பது உங்களுக்குத் தெரிந்ததே" என்றார் ஆசிரியர். எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. பிரதியிட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்த sin எங்கிருந்து குதித்தது?

தாழ்வாரத்தில் கணிதத் துறை ஆசிரியர் ஒருவரை மறித்துக் கேட்டேன். நல்ல மனிதர். நோட்டை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது உங்களுக்கு நாலாவது செமஸ்டர், மூன்றாவது யூனிட். அப்போது வா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

போனேன், ஒன்றரை வருடம் கழித்து. அதே ஆசிரியர் துணைச் சமன்பாடு m² + ω² = 0 என்று போட்டு, m = ±iω என்றார். கற்பனை எண் வந்து நின்றதும் அடுக்குக்குறிச் சார்பு பிரிந்து சைனும் கொசைனுமாக விழுந்தது. வகுப்பு என்பதையே மறந்து "அட!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவருக்கு என்னை நினைவில்லை. "என்ன?" என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் அலைகள், ஒலியியல், மாறுதிசை மின்சாரம் எல்லாவற்றையும் மனப்பாடமாகவே கடந்திருந்தேன்.

சரிகோணம்:

காவிரிக்கரை, தவறாக நினைக்க வேண்டாம். அந்த √2 நிரூபணம் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. √2 = p/q, பொதுக்காரணி இல்லை; p² = 2q²; எனவே p இரட்டை, எனவே q-வும் இரட்டை, முரண்பாடு. நாலு வரி. ஆசிரியர் பூஜ்யம் போட்டதில் என்ன அநியாயம்?

என் கதை சிறியது. சீரான தொடர்ச்சியில் சறுக்கினேன், பிறகு தேறிவிட்டேன். ஆனால் இப்போது சேரப்போகும் பிள்ளைகள் படித்தால் பயன்படும் என்பதற்காகச் சொல்கிறேன். கல்லூரிக் கணிதத்துக்கு உண்மையான முன்பாடம் தொகையீடும் அல்ல, முக்கோணவியலும் அல்ல. "எல்லா", "ஏதேனும் ஒன்று" என்னும் இரண்டு சொற்கள்தான். "ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு" என்பதும் "எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரு சாவி உண்டு" என்பதும் ஒன்றா? தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். (0, 1) இடைவெளியில் 1/x-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் தொடர்ச்சியானது. ஆனால் ஒரு எப்சிலானை (சார்பின் மதிப்பு எவ்வளவு மாறலாம் என்னும் வரம்பு) கொடுத்துவிட்டு பூஜ்யத்தை நோக்கி நகர நகர, டெல்டா (அதற்குள் அடங்க x எவ்வளவு நகரலாம் என்னும் தூரம்) சுருங்கிக்கொண்டே போகும். எல்லாப் புள்ளிக்கும் பொதுவான ஒரு டெல்டா கிடைக்கவே கிடைக்காது. மாஸ்டர் சாவி இல்லாத தெரு அது.

ஆகவே, சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்கும்வரை உள்ள நாட்களில் தினமும் ஒரு வரையறையை எடுத்து அதன் மறுப்பைத் தமிழில் எழுதிப் பாருங்கள். "தொடர் ஒருங்குகிறது" என்பதன் மறுப்பு என்ன? "ஒருங்கவில்லை" என்று எழுதினால் செல்லாது, எப்சிலானோடு எழுத வேண்டும். அடுத்து, ஒவ்வொரு வரையறைக்கும் பொருந்தும் உதாரணம் ஒன்று, பொருந்தாதது ஒன்று. மூன்றாவது, கணத் தொடர்புகள். நான்காவது, கணிதத் தொகுத்தறிதலில் தொடக்கப் படியை விட்டுவிட்டால் எந்தப் பொய்யையும் நிறுவலாம் என்பதைச் செய்தே பார்ப்பது. ஐந்தாவது...

காவிரிக்கரை:

ஐந்தாவதோடு நிறுத்தியதற்கு நன்றி. நான் கேட்டது கதை. தவிர, நான் படித்தது சிபிஎஸ்இ இல்லை, பிளஸ் டூ தமிழ் வழி என்று என் முதல் பதிவிலேயே இருக்கிறது. அந்த நாலு வரியை மனப்பாடம் செய்தவர்களிடம் √4 விகிதமுறா எண் என நிறுவச் சொல்லிப் பாருங்கள். p² = 4q², எனவே p இரட்டை, எனவே q இரட்டை, முரண்பாடு என்று கூசாமல் எழுதுவார்கள். எந்த வரியில் வண்டி தடம் புரண்டது என்று காட்டச் சொன்னால் தெரியும், யாருக்கு முன்பாடம் இருந்தது என்று. (பூட்டு சாவி உதாரணம் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

அக்கரைப் பச்சை:

எனக்கு நேர் எதிரான அனுபவம். கணவரின் வேலைக்காகக் கலிபோர்னியா வந்த பிறகு, பக்கத்திலுள்ள சமுதாயக் கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் படிக்க விண்ணப்பித்தேன். கணினி ஏற்கவில்லை: முன்பாடம் நிறைவேறவில்லை. இங்கே நுண்கணிதம் ஒன்றில் தேறினால்தான் இரண்டுக்குக் கதவு திறக்கும், அதில் தேறினால்தான் அடுத்தது. பி.எஸ்சி. கணிதம் முடித்தவள் நான்! மதிப்பெண் பட்டியலைக் காட்டினால், "இதில் நுண்கணிதம் இரண்டு எது?" என்று கேட்கிறார்கள். என் பட்டியலில் "முதன்மைப் பாடம், தாள் 3" என்றுதான் இருக்கிறது.

அப்பா அறுபத்தெட்டு வயதில் பஸ் ஏறி நான் படித்த கல்லூரிக்குப் போனார். நூலகப் பரணில் கிடந்த பழைய பாடத்திட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்து, எதிர்க் கடையில் நகல் எடுத்து கூரியரில் அனுப்பினார். எல்லாம் முடிய ஆறு வாரம்.

நான் சொல்ல வந்தது முதல் வகுப்பைப் பற்றி. பேராசிரியர் ஒரு 3×3 அணியைக் கொடுத்தார். மற்றவர்கள் பேனா மூடியைத் திறப்பதற்குள் நிரைச் செயலிகளைப் போட்டு, தரம் 2 என்று சொல்லிவிட்டேன். "சரி, அப்படியானால் வெளியின் புள்ளிகளெல்லாம் எங்கே போய் விழுகின்றன?" என்றார். எங்கே விழும்? தாளில்தானே விழும்? என் பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். வாயைத் திறக்காமல் தன் நோட்டைச் சாய்வாகக் காற்றில் பிடித்துக் காட்டினான். ஒரு தளம். முப்பரிமாண வெளி முழுவதும் நசுங்கி அந்த நோட்டின்மேல் படிகிறது. தரம் என்பது அந்த நோட்டின் பரிமாணம்.

மூன்று வருடம் நூற்றுக்கணக்கான அணிகளுக்குத் தரம் கண்டிருக்கிறேன். அது இன்னதென்று அன்றுதான் பார்த்தேன். அதனால் இங்குள்ள முறையே மேல் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த ஆறு வாரமும் அவர்கள் சரிபார்த்தது அப்பா அனுப்பிய நகலைத்தான், என்னை அல்ல.

சுண்ணாம்புக்கட்டி:

கௌரவ விரிவுரையாளன் நான். சிவப்பு மை பிடிக்கும் கட்சி. காவிரிக்கரையின் ஆசிரியருக்காகக் கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன். அந்த ஒரு வரியை எழுதுவதற்கே அறுபது தாளுக்கு நடுவே நேரம் ஒதுக்கியிருக்கிறார். நான் பெரும்பாலும் வட்டம் மட்டும் போடுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரில் அரியர் வைத்தவனும் ஐந்தாம் செமஸ்டரில் நவீன இயற்கணித வகுப்பில் உட்காரலாம். யாரும் தடுக்க முடியாது. தடுத்தால் பிள்ளைகளின் பிழைப்பு கெடும் என்பதும் உண்மை. முதல் நாள் "குலம்" (ஆங்கிலத்தில் group) என்று எழுதினால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். அடைவு, சேர்ப்பு, சமனி, எதிர்மறை என்று நான்கு விதிகளை அடுக்குவதற்குள் சிரிப்பு அடங்கிப் பயம் வந்துவிடும்.

மறக்க முடியாதது இது. மாணவர் ஒருவர், வீட்டில் முதல் பட்டதாரி. அகமதிப்பீட்டுத் தேர்வில் லெக்ராஞ்சி தேற்றத்தை ஒரு கால்புள்ளிகூடப் பிசகாமல் எழுதியிருந்தார்: முடிவுறு குலத்தில் உட்குலத்தின் வரிசை (உறுப்புகளின் எண்ணிக்கை), குலத்தின் வரிசையை மீதியின்றி வகுக்கும். இணைக்கணங்கள், அவற்றுக்கிடையே ஒன்றுக்கொன்று தொடர்பு, எல்லாம் இடத்தில் இருந்தன. தாளைக் கையில் கொடுக்கும்போது மகிழ்ச்சியில் கேட்டேன்: "12 உறுப்புகள் உள்ள குலத்துக்குள் 5 உறுப்புகள் உள்ள உட்குலம் இருக்குமா?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அது சிலபஸில் இல்லை சார்."

இயற்பியல்காரன்:

சார், நீங்கள் என்ன சொன்னீர்கள்?

சுண்ணாம்புக்கட்டி:

மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன், அடுத்த வகுப்பில் ஐந்தாவது யூனிட் பாக்கி இருந்தது.

காவிரிக்கரை:

அவர் தேறினாரா?

சுண்ணாம்புக்கட்டி:

பல்கலைக்கழகத் தேர்விலும் அதே தேற்றம் வந்தது. 75க்கு 71.