இரும்பை எடுக்கும் மருந்து: பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள்?

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது, தலசீமியா மேஜர் (உடம்பால் போதுமான நல்ல ரத்தத்தை உண்டாக்க முடியாத பரம்பரை நோய்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். ஊசிக்கெல்லாம் பழகிவிட்டான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் கரைத்துக் குடிக்கிற, உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் டெஃபராசிராக்ஸ் மாத்திரைதான் தகராறு.

பள்ளியில் எல்லாருக்கும் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். இவனுக்கு வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து, "இரும்பு நல்லதுன்னா எனக்கு மட்டும் ஏம்மா அதை எடுக்கணும்?" என்று கேட்டான்.

ஒரு யூனிட் ரத்தத்தோடு ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடம்பு தானாக வெளியேற்றுவது நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான். மிச்சம் கல்லீரலிலும் இதயத்திலும் படியும். எனக்கு இது புரிகிறது, அவனிடம் 'இதயம்' என்றாலே முகம் வாடிவிடுகிறது. போர் தண்ணீர்க் குழாயில் உப்பு படிகிற மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ எனக்குள்ள அழுக்கா?" என்றான். சரி, அந்த உவமையை அதோடு விட்டுவிட்டேன்.

மருந்தளவெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்கிறார். பயமுறுத்தாமல் சொல்ல வார்த்தைதான் வேண்டும். படம், கதை, விளையாட்டு எதுவானாலும் சொல்லுங்கள். ஃபெரிட்டின் அளவை (உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எந்த வயதில் பிள்ளையிடமே காட்டினீர்கள்? அப்புறம், சின்ன வயதில் இரும்பை எடுக்கும் மருந்தை ராத்திரி முழுக்க மெல்ல ஏற்றும் பம்ப் ஊசியோடு தூங்கி வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால், உங்களுக்கு யார், என்ன சொல்லிப் புரியவைத்தார்கள்?