தொழிலே இல்லாத ஊரா திருகோணமலை?

உப்புவெளியான்:
"திருகோணமலை என்றால் கோயிலும் கடற்கரையும்தான், அங்கே தொழில் என்று எதுவும் இருந்ததில்லை" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. என் தகப்பனார் டொக்யார்டில், அதாவது பிரித்தானியக் கடற்படையின் கப்பல் திருத்தும் தளத்தில், கொதிகலன் திருத்தியவர். விடியற்காலையில் வீதி நிறையச் சைக்கிள்கள் போகும். தமிழர், முஸ்லிம், சிங்களவர், பறங்கியர், மலையாளி எல்லோரும் ஒரே பட்டறையில் வேலை செய்தார்கள். சம்பள நாளில் அறக்குளா மீன் சந்தைக்கு வந்ததும் தீர்ந்துவிடும். சீனன்குடாவில் 101 எண்ணெய்த் தாங்கிகள் நின்றன. இது தொழில் இல்லையா?

நிலாவெளி நேசன்:
தாங்கிகள் 99.

உப்புவெளியான்:
ஊர் வாழ்ந்த கதையைச் சொன்னால் தாங்கி எண்ண வந்துவிட்டீர்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானம் மோதி எரிந்த 91ஆம் தாங்கியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 101.

நிலாவெளி நேசன்:
தாங்கிகளை மூன்றாகப் பங்கிட்ட 2022 ஒப்பந்தத்தைப் படியுங்கள். 14, 61, 24. கூட்டத் தெரியுமல்லவா? 99.

தம்பலகாமத்தான்:
எண்ணிக்கை கிடக்கட்டும். கப்பல்படைக்காரன் 1957இல் போனதோடு ஊர் செத்துவிட்டதா? 1980இல் பிரிமா மா ஆலை வந்தது, பின்னர் சீமெந்து ஆலை வந்தது. என் மாமா லொறி ஓட்டித்தான் மூன்று பெண்களைக் கரைசேர்த்தார். உங்களுக்கு வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கினால்தான் பொற்காலம்.

உப்புவெளியான்:
என் தகப்பன் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. கைத்தொழில் தெரிந்தவன் நிமிர்ந்துதான் நடந்தான். மா மூட்டை ஏற்றுவதும் கப்பல் திருத்துவதும் ஒன்றா?

தம்பலகாமத்தான்:
மூட்டை ஏற்றியவனைக் குறைத்துப் பேசாதீர்கள். எங்கள் வயல் நெல்லைத்தான் உங்கள் டொக்யார்ட் வீடுகள் தின்றன.

மூதூர் மகள்:
ஐயாமாரே, மூதூரிலிருந்து லாஞ்சில் தயிர்ச்சட்டியும் விறகும் கொண்டுவந்து விற்ற பெண்களை ஒருவரும் சொல்லவில்லை. என் உம்மம்மா கடல் கொந்தளித்த நாளிலும் சட்டி உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். அந்தக் காசில்தான் என் உம்மா படித்தார்.

உப்புவெளியான்:
தங்கச்சி, அந்தத் தயிரை வாங்கியது எங்கள் சம்பளம்தான்.

மூதூர் மகள்:
தயிரும் உங்கள் கணக்கில்தானா?

நிலாவெளி நேசன்:
முப்பது வருடமாகக் கனடாவில் இருந்துகொண்டு ஊர்க்கணக்குச் சொல்கிறார். நான் தினமும் தாங்கிகள் நிற்கும் அந்தக் காட்டுப் பக்கமாகத்தான் போகிறேன். 99.

உப்புவெளியான்:
எங்கே இருந்தாலும் நான் பிறந்த மண் அது. நீங்கள் பழைய மாணவர் கூட்டத்திலும் என்னைப் பேசவிடவில்லை, அதை நான் மறக்கவில்லை. இன்று நிற்பதை நீங்கள் எண்ணுகிறீர்கள். கட்டியதை நான் எண்ணுகிறேன். ஒரு தாங்கி போரில் எரிந்தது. இன்னொன்று பிறகு அழிந்தது. கட்டியவை 101.

தம்பலகாமத்தான்:
மூட்டை ஏற்றியவனைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நிலாவெளி நேசன்:
99.