கடிதம் இணைப்பில, மெயில் வெறுமை: இதை ஆர் சொல்லிக்குடுத்தது?

குளக்கட்டு
நேற்று இந்தக் களத்தில ஒரு தாளின்ர படத்தைப் போட்டிருக்கினம். சங்கங்களிலயும் சின்னக் கொம்பனிகளிலயும் இருக்கிறவை இங்கிலிஷில தொழில் மெயில் எழுதுறது எப்பிடி எண்டு ஒரு பயிற்சியில குடுத்த தாளாம். மற்ற வரியளை விடுங்கோ. நாலாவது வரி இது: "விடயத்தை லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, ஸ்கான் செய்து இணைக்கவும். மெயிலில் 'பிளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்' என்று எழுதினால் போதும்."

போதாது. கொழும்பில கொள்வனவுப் பகுதியில இருக்கிறவர் காலமை போனைத் திறந்தால் காணுறது அனுப்பினவற்ற பேர், தலைப்பு, உள்ளுக்கு எழுதினதின்ர முதல் வரி. அவ்வளவுதான். தலைப்பில "லெட்டர்" எண்டும் முதல் வரியில "டியர் சேர், பிளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்" எண்டும் கிடந்தால், வந்தது கச்சான் விலையோ கதிரைக் கணக்கோ எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? பேந்து பாப்பம் எண்டு விடுவார். விலைக்கேள்வி (டென்டர்) முடியிற திகதி போயிடும். பிறகு "வன்னிச் சனத்துக்கு ஒருத்தரும் தரமாட்டினம்" எண்டு இஞ்ச வந்து புலம்புவினம்.

தலைப்பில பொருள், அளவு, திகதி மூண்டும் வரோணும்: "கொட்டேசன், கிரவுண்ட்நட் கேர்னல்ஸ் 500 கேஜி, வலிட் டில் 30 ஜூன்". முதல் வரியில என்ன அனுப்புறியள், அவர் என்ன செய்யோணும். ரெண்டாவது பந்தியில விலை, பொதி, எத்தினை நாளில வரும், காசு எப்பிடி. கடைசியில எந்தத் திகதிக்குள்ள பதில் வேணும். இணைப்பு அதுக்குப் பிறகு.

பரந்தன் சந்தி
குளக்கட்டு அண்ணைக்கு கச்சேரிப் பக்கம் போய்ப் பழக்கமில்லைப் போல. பிரதேச செயலகத்துக்கு ஒரு மெயில் வந்தால் விடய உத்தியோகத்தர் அதை அச்செடுக்கோணும், உள்வரும் கடிதப் பதிவில ஏத்தோணும், கோவையில கோர்க்கோணும். "எனது இல.", "உமது இல." இல்லாத தாளை எந்தக் கோவையில போடுறது? கையொப்பம் இல்லாட்டில் ஆர் பொறுப்பு? தலைவரோ, செயலாளரோ, தட்டச்சு செய்த பிள்ளையோ? நாலாவது வரி சரி. எழுதினவருக்கு வேலை தெரியும்.

குளக்கட்டு
கடிதத்தை இணைக்க வேண்டாமெண்டு நான் எங்க சொன்னனான்? திரும்ப வாசியுங்கோ. "போதும்" எண்ட அந்தச் சொல்லுத்தான் பிழை. மெயிலை வெறுமையா விடக்கூடாது.

உங்கட கோவை இலக்கத்தைத் தலைப்பிலயே போடலாமே. அவையின்ர இலக்கம் முன்னுக்கு, விசயம் பின்னுக்கு. அப்ப அவையும் தேடி எடுக்கலாம், நீங்களும் தேடி எடுக்கலாம். ஸ்கான் படத்துக்குள்ள இருக்கிற இலக்கத்தை அவையின்ர அவுட்லுக் தேடிப் பிடிக்கும் எண்டு நம்பியிருக்காதேங்கோ.

வவுனியாப் பொடியன்
நானும் அதைத்தான் சொல்லவந்தனான். ஸ்கான் எண்டால் அது படம். எழுத்தாக்கும் மென்பொருளுக்குள்ளால போகாட்டில் ஒரு சொல்லும் தேடுப்படாது. விலையைப் பிரதிபண்ணித் தங்கட எக்செல்லில ஒட்டவும் ஏலாது. பாத்துப் பாத்து அடிக்கோணும். 1,250 ஐ 1,520 எண்டு அடிக்கிறது அங்கதான்.

அனுப்புறதெண்டாலும் ஒழுங்கா அனுப்புங்கோ. எழுத்து மட்டும் உள்ள தாளுக்கு 200 டிபிஐ (ஸ்கானின்ர நுணுக்க அளவு), கறுப்பு வெள்ளை காணும். 600 டிபிஐ கலரில எடுத்துத் துண்டு துண்டா ஜேபெக்காப் போடுறது ஆருக்கு? ஜிமெயில் 25 எம்பி வரைக்கும் விடும், ஆனால் வாங்குற பக்கத்தில அதிலும் குறைச்சு வைச்சிருப்பினம். இணைப்பு மெயிலுக்குள்ள போகேக்க மூண்டிலொரு பங்கு ஊதும். 9 எம்பி கோப்பு 12 எம்பியாப் போகும். பத்தில பூட்டு வைச்ச இடத்தில திரும்பி வரும். திரும்பி வந்த அறிவித்தலை ஆர் வாசிக்கினம்?

கோப்புக்குப் பேர் "ஸ்கான்0001" எண்டு வைக்கிறவையோட எனக்குக் கதையில்லை. முதல் ஆண்டு, மாதம், நாள், பிறகு சங்கத்தின்ர பேர், பிறகு பொருள். அப்பிடி வைச்சால் தானா வரிசையில நிக்கும்.

இன்னொண்டு: வெறும் ஒரு வரியும் ஒரு இணைப்பும், அதுவும் புது முகவரியில இருந்து வந்தால், தள்ளிவிடுற வடிகட்டியள் இருக்கு. கள்ள மெயிலுகள் வாறதும் இதே உருவத்திலதான்.

பரந்தன் சந்தி
வவுனியாக்காரருக்கு எல்லாம் மென்பொருள்தான். தம்பி, போன மாசம் இதே இடத்தில பாமினி எழுத்துருவில வந்த கோப்பைத் திறக்கத் தெரியாமல் "கிறுக்கல்" எண்டு எழுதினது நீர்தானே? இப்ப எங்களுக்கு டிபிஐ படிப்பிக்கிறீர்.

வவுனியாப் பொடியன்
கிறுக்கலாத்தான் வரும். பாமினியில அடிச்ச வேர்ட் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில ஆங்கில எழுத்துக் குப்பையாத்தான் தெரியும், ஏனெண்டால் உள்ளுக்கு இருக்கிறதே ஆங்கில எழுத்துக்குரிய குறியீடு. யூனிகோட்டில அடியுங்கோ, இல்லாட்டில் எழுத்துருவைப் பொதிஞ்சு பிடிஎஃப் ஆக்குங்கோ. இதில எனக்கு என்ன தெரியாமல் போச்சு?

குளக்கட்டு
பாமினியை இதுக்குள்ள கொண்டுவராதேங்கோ. நாலாவது வரிக்கு வாங்கோ.

மல்லாவி ரீச்சர்
வணக்கம். நாலாவது வரியை விட எனக்கு ஏழாவது வரிதான் எரிச்சல். "டியர் சேர் எனத் தொடங்கி யுவர்ஸ் சின்சியர்லி என முடிக்கவும்" எண்டிருக்கு. பேர் தெரியாமல் "டியர் சேர் ஓர் மேடம்" எண்டு தொடங்கினால் "யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி". பேரைப் போட்டு "டியர் மிஸ்டர் பெரேரா" எண்டு தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி". முதல் சொல்லின்ர "வை" (Y) பெரிய எழுத்து, ரெண்டாவது சொல் சின்ன எழுத்து, பிறகு கொமா. ஓ.எல். பிள்ளையளே இதைச் சரியா எழுதுவினம். பயிற்சி குடுக்கிறவை எழுதமாட்டினமோ?

தூரத்துச் சொந்தம்
ரொறொன்ரோவில இருந்து எழுதுறன். இஞ்ச மெயிலில ஒருத்தரும் ஃபெயித்ஃபுலி போடுறேல்லை ரீச்சர். "கைண்ட் ரிகார்ட்ஸ்" அல்லது "ரிகார்ட்ஸ்". முத்திரை, லெட்டர்ஹெட் எண்டு நீங்கள் அடிபடுறதைப் பாக்க, ஊர் இன்னும் அங்கயே நிக்குது எண்டு விளங்குது.

மல்லாவி ரீச்சர்
நீங்கள் எங்க இருந்து எழுதினாலும் விதி விதிதான். அமெரிக்கா, கனடாப் பக்கத்தில முறை வேற. இஞ்ச சோதினைத் தாளும் அரச கடிதமும் பிரித்தானிய முறையில போகுது. அறிமுகமானவருக்கு ரிகார்ட்ஸ் போடலாம், நான் மறுக்கேல்லை. அமைச்சுக்கு முதல் மெயில் போடேக்க ஃபெயித்ஃபுலி போட்டால் ஒருத்தரும் முகம் சுளிக்கமாட்டினம்.

பரந்தன் சந்தி
சரியாச் சொன்னியள் ரீச்சர். ஊர் அங்கயே நிக்குதாம்! போனவைக்கு எப்பவும் நிக்கிற ஊர்தான் தெரியும்.

தூரத்துச் சொந்தம்
உண்மையைச் சொன்னால் சுடும். நீங்கள் "மாலை 3 மணிக்கு சூம்" எண்டு மெயில் போடுறியள். ஆற்ற 3 மணி? லண்டனுக்கு வெயில் காலத்தில நாலரை மணித்தியாலம், குளிர் காலத்தில அஞ்சரை. ரொறொன்ரோவுக்கு ஒன்பதரை, பத்தரை. ரெண்டு நேரத்தையும் எழுதாத மெயிலுக்கு ஆர் வந்து குந்தியிருக்கிறது? முத்திரை குத்த நேரம் இருக்கு, இதை எழுத நேரமில்லை.

குளக்கட்டு
நேரத்தை எழுதுங்கோ, நல்லது. ஆனால் எங்க எழுதுறது? மெயிலுக்குள்ளதான். ஸ்கான் பண்ணின கடிதத்தின்ர மூண்டாவது பந்தியில இல்லை. பாத்தியளோ, எங்க சுத்தினாலும் நாலாவது வரியிலதான் வந்து நிக்குது.

ஒட்டுசுட்டான் ஒருத்தி
அண்ணைமார், கொஞ்சம் வேலைக்கு உதவுற மாதிரியும் கதைப்பமே. சங்கத்துக் கணக்குப் பிள்ளை ஒண்டு மெயில் எழுதேக்க பிழைக்கிற இடங்கள் வேற.

திகதியை 05/06 எண்டு போடக்கூடாது. எங்களுக்கு அது ஜூன் 5, அமெரிக்கக்காரருக்கு மே 6. மாதத்தை எழுத்திலயே எழுதோணும். "12 லாக்ஸ்" எண்டு வெளிநாட்டு நன்கொடைக்காரருக்கு எழுதினால் அவைக்கு விளங்காது, எல்.கே.ஆர். 1,200,000 எண்டு முழுசா எழுதுங்கோ. விலை ஒரு கிலோவுக்கோ ஒரு மூட்டைக்கோ, லொறிக்கூலி சேர்த்தோ சேர்க்காமலோ எண்டு அதே வரியிலயே இருக்கோணும். "வற்" (பெறுமதி சேர் வரி) பதிவு இல்லாத சங்கம் 18 வீதத்தைக் கூட்டிப் போடக்கூடாது. "நொட் வற் ரெஜிஸ்டர்ட்" எண்டு ஒரு வரி எழுதினால் அவையின்ர கணக்குப் பகுதி திருப்பிக் கேக்காது. கச்சானுக்கு ஈரப்பதம் எத்தினை வீதம், கையால பொறுக்கினதோ எண்டு எழுதுங்கோ. அஃப்லாடொக்சின் (பூஞ்சண நஞ்சு) பரிசோதனை அறிக்கை இருந்தால் அதுதான் இணைப்பாப் போகவேண்டிய சாமான்.

பேர் விசயமும் இருக்கு. எங்கட ஆக்களின்ர பேரில கடைசியா நிக்கிறது சொந்தப் பேர், முன்னுக்கு எழுத்தா நிக்கிறது தகப்பன்ர பேர். விரிச்சு எழுதேக்க சிலர் இடம் மாத்திப் போடுவினம். பிறகு வெள்ளைக்காரன் தகப்பனுக்கு மெயில் போடுவான். அடியில கையொப்பப் பகுதியில மிஸ் அல்லது மிஸ்டர், பதவி, சங்கப் பதிவு இலக்கம், போன் இலக்கம் +94 ஓட. அந்த இடத்தில முதல் பூச்சியத்தை எடுக்கோணும்.

பரந்தன் சந்தி
தங்கச்சி சொன்னதெல்லாம் சரி. எல்லாத்தையும் லெட்டர்ஹெட்டில எழுதலாம். மெயிலில எழுதோணும் எண்டு ஒண்டும் இல்லை. மெயிலில எழுதினதை ஆரும் மாத்திப்போட்டு "இப்பிடித்தான் வந்தது" எண்டு காட்டலாம். கையொப்பமும் முத்திரையும் உள்ள கடிதத்தை மாத்த ஏலாது. சட்டத்திலயும் அதுதான் செல்லும்.

குளக்கட்டு
எந்தச் சட்டம்? 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தை எடுத்து வாசியுங்கோ, 2017 இல திருத்தமும் வந்தது. இலத்திரனியல் வடிவத்தில இருக்கு எண்ட ஒரே காரணத்துக்காக ஒரு தகவலை, ஒப்பந்தத்தைச் செல்லாது எண்டு தள்ள ஏலாது. மரணசாசனம், காணி விற்பனை மாதிரி விலக்குகள் இருக்கு. கச்சான் கொட்டேசன் அதுக்குள்ள வராது.

மாத்த ஏலாதெண்டு சொன்னியளே, அதுதான் எனக்கு உண்மையான பயம். வாங்குறவருக்கு "எங்கட வங்கிக் கணக்கு மாறிட்டுது, இனி இதுக்குப் போடுங்கோ" எண்டு கள்ளர் அனுப்புற மெயிலில லெட்டர்ஹெட்டும் இருக்கும், முத்திரையும் இருக்கும், செயலாளற்ற கையொப்பமும் இருக்கும். எங்க எடுக்கிறாங்கள்? நீங்கள் ஊரெல்லாம் அனுப்பி வைச்ச ஸ்கானில இருந்துதான். வெட்டி ஒட்ட அஞ்சு நிமிசம். அனுப்பினவற்ற முகவரியில ஒரு எழுத்து மாறியிருக்கும், "எம்" (m) இருக்கவேண்டிய இடத்தில "ஆர்", "என்" (rn) பக்கத்துப் பக்கத்தில நிக்கும், பாக்க ஒரே மாதிரி. முத்திரையைப் பாத்து நம்பினவர் அதைப் பாக்கமாட்டார். அதுக்கு மருந்து முத்திரை இல்லை. கணக்கு இலக்கம் மாறினதெண்டு வந்தால், மெயிலில உள்ள இலக்கத்துக்கு இல்லாமல், ஏற்கெனவே கையில இருக்கிற போன் இலக்கத்துக்கு எடுத்துக் கேக்கோணும். கொட்டேசனிலயே "வங்கி விபரம் மெயிலால மாத்தமாட்டம்" எண்டு ஒரு வரி போடோணும்.

வவுனியாப் பொடியன்
சொந்த டொமைன் வைச்சிருக்கிற சங்கங்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எண்ட மூண்டு மெயில் சரிபார்ப்பு அமைப்புகளையும் போடோணும். அது இருந்தால் உங்கட முகவரியையே போட்டுக்கொண்டு வாற போலி மெயிலைப் பெறுற பக்கம் தடுக்கலாம். ஆனால் எழுத்து மாத்தின முகவரிக்கு அது உதவாது, அதுக்கு அண்ணை சொன்ன போன்தான்.

பரந்தன் சந்தி
கள்ளன் திறப்பைக் கள்ளமாச் செய்யிறான் எண்டு ஆரும் வீட்டைப் பூட்டாமல் விடுறேல்லை. முத்திரை முத்திரைதான். குளக்கட்டு அண்ணைக்குச் சட்டப் புத்தகம் பாடம், அலுவலக மேசை பாடமில்லை. அந்தச் சட்டத்தைக் காட்டினால் விடய உத்தியோகத்தர் கடிதத்தை ஏற்பாரோ? "சேர், ஒப்பம் வைச்சு அனுப்புங்கோ" எண்டுதான் சொல்லுவார்.

குளக்கட்டு
அவருக்கு ஒப்பம் வைச்சு அனுப்புங்கோ! கச்சேரிக்கு இணைப்பு, உள்ளுக்கு நாலு வரிச் சுருக்கம். கொம்பனிக்கு உள்ளுக்கு முழு விசயம், இணைப்பில விலைப்பட்டியல். ரெண்டிலயும் மெயில் வெறுமையில்லை. இதை எத்தினை விதமாச் சொல்லுறது? தாள் எழுதினவர் கச்சேரிப் பழக்கத்தை எடுத்துக் கொம்பனிக்கு எழுதுற பிள்ளையளின்ர தலையில கட்டியிருக்கிறார்.

தூரத்துச் சொந்தம்
"ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட் ஹியர்வித்" எண்டு எழுதுறதையும் விடுங்கோ. "ஐ அட்டாச்" எண்டால் முடிஞ்சுது.

மல்லாவி ரீச்சர்
அது பிழையில்லை, பழைய நடை. பிழைக்கும் பழைய நடைக்கும் வித்தியாசம் தெரியோணும். "ரிவர்ட் பாக்" எண்டு எழுதுறதைப் போய்த் திருத்துங்கோ முதல்.

ஒட்டுசுட்டான் ஒருத்தி
சங்கத்து ஆக்கள் ஐம்பது பேரை "டு"வில போட்டு அனுப்புறது, பிறகு ஒருத்தர் "ரிப்ளை ஓல்" குத்தி "ஓகே" எண்டு எழுதுறது, அதைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை. மற்றவையின்ர முகவரி தெரியாமல் அனுப்ப பிசிசி எண்டு ஒரு பெட்டி இருக்கு.

குளக்கட்டு
அதுக்கு வேற ஒரு திரி திறவுங்கோ தங்கச்சி, நானும் வாறன். இஞ்ச நாலாவது வரி. தாளைப் போட்டவர் நேற்றிலிருந்து வாய் திறக்கேல்லை. "போதும்" எண்டதை வெட்டி, "மெயிலிலும் விடயத்தைச் சுருக்கமாக எழுதவும்" எண்டு மாத்திப் போடட்டும்.

பரந்தன் சந்தி
மாத்தத் தேவையில்லை. நல்லா இருக்கு. நான் அச்செடுத்து ஒட்டியிருக்கிறன்.

குளக்கட்டு
ஒட்டுங்கோ. உங்கட பக்கத்துச் சங்கங்களின்ர கொட்டேசன் ஏன் திறபடாமல் கிடக்குது எண்டு கேக்க வாறவைக்கும் அந்தத் தாளையே காட்டுங்கோ.

பரந்தன் சந்தி
எங்கட சங்கங்களைப் பற்றிக் கதைக்க நீங்கள் ஆர்?