பார்க்கின்சனில் மனச்சோர்வு: பேசித் தீருமா?

நரம்பியல்_பித்தன்:
"சட்டைப் பொத்தான் போட முடியல, போகப் போக இன்னும் மோசமாகும்" என்கிறார் பார்க்கின்சன் நோயாளி. இதில் எந்த எண்ணத்தைத் திருத்தப் போகிறீர்கள்? அத்தனையும் உண்மை. சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) எல்லாம் உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு. இங்கே மாத்திரைதான்.

மனமருந்து:
பொத்தானோடு யாரும் மல்லுக்கட்டுவதில்லை. "அதனால யார் வீட்டுக்கும் போறதில்ல" என்று நீளும் இடத்தில்தான் வேலை. 2011இல் வெளியான ஆய்வில் நோயாளிகள் 80 பேர். ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக 10 அமர்வு சிபிடி, பராமரிப்பவருக்குத் தனியாக 4. தேறியவர்கள் 56 சதவீதம்; சிபிடி இல்லாத குழுவில் 8.

நரம்பியல்_பித்தன்:
அந்த 8 சதவீதக் குழுவிடம் வாராவாரம் உட்கார்ந்து பேச ஆளே இல்லையே! ஜெயித்தது சிபிடியா, காதுகொடுத்துக் கேட்டதா?

மனமருந்து:
நியாயமான கேள்வி. அந்த ஆய்வை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் காதுகொடுத்தால் மட்டும் சிபிடியில் தரும் வீட்டுப்பாடம் நடந்துவிடாது. சறுக்குவதும் அங்கேதான். "இந்த வாரம் கொஞ்சம் நடங்க" என்றால் நடக்க மாட்டார். திட்டமிடும் திறனையே நோய் குறைத்திருக்கும். பெரிய எழுத்தில் ஒரே வரி: "செவ்வாய், காலை 10 மணி, தெருமுனை வரை, 5 நிமிடம்." லெவோடோபா (பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்து) வேலை செய்யும் நேரமாகப் பார்த்து அந்த 10 மணி. அமர்வும் அப்படித்தான். மருந்தின் வேகம் குறைந்த நேரத்தில் உட்கார வைத்தால் பேச்சே வராது. "ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பு எழுதிவிடுவார்கள்.

சுருக்_கேள்வி:
ரெண்டு பேரும் ஒரு படியைத் தாண்டிட்டீங்க. முதலில் அது மனச்சோர்வுதானா? மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளான பிஎச்க்யூ-9இன் 9 கேள்விகளில் தூக்கம், களைப்பு, பசி, கவனம், உடல் மந்தம் என்று 5. தலா 3 வீதம் நோயே 15 மதிப்பெண் வாங்கித் தந்துவிடும். 10 வந்தாலே சந்தேகப்படச் சொல்லும் அளவுகோல் அது. முகத்தில் உணர்ச்சி தெரியாததும் நோயின் வேலை. ஆர்வம், சோகம், சாக வேண்டும் என்ற எண்ணம், இந்த மூன்றையும் நேரில், தனியாகக் கேளுங்க. எதையும் செய்யாமல் இருப்பதில் அவருக்கு வருத்தமே இல்லை, வருந்துவது வீட்டார்தான் என்றால் அது பெரும்பாலும் அக்கறையின்மை. அங்கே எண்ணத்தைத் தோண்டுவது வீண். அலாரமும் கூட வர ஒரு ஆளும் வேண்டும்.

நரம்பியல்_பித்தன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். மாத்திரை நேரத்தையும் மனநிலையையும் (0 முதல் 10 வரை) ஒரு வாரம் குறித்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளை மருந்துக்கும் முன்னால் பதற்றம் ஏறி, மருந்து பிடித்ததும் அடங்கினால், முதலில் மாற்ற வேண்டியது மருந்து வேளை. பேச்சு அப்புறம்.

மனமருந்து:
அந்தக் குறிப்பேடுதான் சிபிடியில் முதல் வார வீட்டுப்பாடமும்.